ஆமை புகுந்த பொட்டியும் அறுபதாயிரம் ரூபாயும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தூசி படிஞ்சு கிடந்தது. ஆணி அதிகம்னு சொல்லிக்கலாம். உண்மையான காரணம், எழுதற அளவுக்குக் கோபம் எதுவும் வரலை. இப்ப வந்திருக்கு. வந்ததை அப்படியே இறக்கி வைக்கிறேன்.

டிஸ்கி: பார்க்கத் தொழில்நுட்பப் பதிவு மாதிரி இருக்கும். ஆனா இது சண்டைப் பதிவு. 'கணினி டிப்ஸ்' எழுதற சக பதிவர்கள் கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு உட்காருங்க :-)

எங்க தெருவுல தையல் கடை வச்சிருக்கிற அக்கா ஒருத்தர். அவங்க பொண்ணு பி.எஸ்ஸி. முடிச்சுட்டு, லினக்ஸ் சர்வர் நிர்வாகம் சொல்லித் தர்ற ஒரு பயிற்சி நிலையத்துல சேர்ந்திருக்கா. பாடத்துக்கு விர்ச்சுவல் மெஷின் வேணும். அதாவது ஒரு கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் ஓடற மாதிரி மென்பொருளால செய்யற ஏற்பாடு. சுருக்கமா வி.எம். பொண்ணுகிட்ட இருக்கிறது ரெண்டு கோர் செலரான், 4 ஜிபி நினைவகம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். அதுல வி.எம். ஏத்தினா பூட் ஆகவே ஏழு நிமிஷம். அதுக்கப்புறம் மவுஸை நகர்த்தினா அது யோசிச்சுட்டு நகருது.

சொல்லித் தர்றவர்கிட்ட காட்டியிருக்கா. அவர் பொட்டியைத் திறந்துகூடப் பார்க்கலை. "இதுல வி.எம். எல்லாம் ஓடாதும்மா. ஐ5, 16 ஜிபி வாங்கிட்டு வா." அவ்வளவுதான் தீர்ப்பு.

அக்கா என்கிட்ட வந்து நின்னாங்க. "தம்பி, சங்கிலியை வச்சுடலாம்னு இருக்கேன். அறுபதாயிரத்துக்குள்ள எது நல்லா இருக்கும்னு மட்டும் சொல்லுங்க."

வச்சுடலாமான்னு என்னைக் கேட்கலை. அதை முடிவு பண்ணிட்டுத்தான் வந்தாங்க. எனக்கு வயித்தைக் கலக்குச்சு. ஏன்னா இந்த 'புதுசு வாங்குங்க' பதிலை நானும் எத்தனையோ பேருக்கு வாய் கூசாம சொல்லியிருக்கேன். அந்தப் பதிலுக்குப் பின்னாடி ஒரு சங்கிலி இருக்கும்னு அன்னிக்குத்தான் உறைச்சுது.

"அக்கா, ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் டைம் கொடுங்க. அப்புறம் சொல்றேன்"ன்னு பொட்டியை வாங்கி வச்சுக்கிட்டேன்.

அந்தக் கதைக்கு முன்னாடி கொஞ்சம் சரித்திரம். (தப்பிச்சு ஓடாதீங்க, சின்னதுதான்!)

'வி.எம். ஓட்ட பெரிய மெஷின் வேணும்'னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவுல கேம்பிரிட்ஜ் நகரத்துல ஐபிஎம் ஆய்வு மையம் ஒண்ணு இருந்தது. அங்க சிபி-40 அப்படிங்கிற அமைப்பு 1967-ல் வேலைக்கு வந்தது. சிஸ்டம்/360 வரிசையில மாடல் 40 மெஷின் மேல 14 விர்ச்சுவல் மெஷின் வரைக்கும் ஓட்டினாங்க. மொத்த நினைவகம் 256 கேபி. ஜிபி இல்லை, எம்பி இல்லை, கேபி! இன்னிக்கு நம்ம செல்போன்ல எடுக்கிற ஒரு போட்டோ அதைவிடப் பெருசு. கம்ப்யூட்டர் பத்தாக்குறையா இருந்ததாலதான், ஒண்ணை வச்சு பல பேர் பிழைக்கணும்னு இந்த நுட்பமே பிறந்தது. ஏழை வீட்டுல பிறந்த பிள்ளை அது. அதைப் பணக்கார வீட்டுப் பிள்ளையா மாத்தினது நாம.

நம்ம வீட்டுப் பொட்டிக்கு இந்த வித்தை லேட்டாதான் வந்தது. பழைய எக்ஸ்86 சில்லுகள் இதுக்குத் தோதா வடிவமைக்கப்படலை. 1999-ல் வந்த விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன், இடக்குப் பண்ற ஆணைகளை ஓடும்போதே மொழிபெயர்த்து சமாளிச்சுது. 2005 கடைசியில இன்டெல்லும் 2006-ல் ஏஎம்டியும் இதுக்கான வசதியைச் சில்லுக்குள்ளயே வச்சாங்க. அடுத்து நினைவக முகவரி மாத்தற வேலையையும் சில்லே பார்த்துக்கிற வசதி, ஏஎம்டியில் 2007-லயும் இன்டெல்லில் 2008-லயும் வந்தது. அந்தப் பொண்ணோட செலரான்ல இது ரெண்டுமே இருக்கு. ஆக 'சில்லு ஆகாது'ன்னு சொன்னது சுத்தப் பொய். பொய்னு சொல்ல வேண்டாம், சோம்பேறித்தனம்.

அப்ப ஏன் ஏழு நிமிஷம்?

திறந்ததும் முதல்ல கண்ணுல பட்டது ஒரு ஆமை. நிஜமாத்தான்! விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலோட கீழ்ப்பட்டையில பச்சையா ஒரு ஆமைப் படம் இருக்கும். விண்டோஸோட ஹைப்பர்-வி ஏற்கெனவே சில்லோட அந்த வசதியைப் பிடிச்சு வச்சிருக்கு, அதனால விர்ச்சுவல்பாக்ஸ் சுத்துவழியில போகுதுன்னு அர்த்தம். வகுப்புல முதல் வாரம் லினக்ஸ் கட்டளை பழக விண்டோஸுக்கான லினக்ஸ் துணை அமைப்பு இரண்டாம் பதிப்பை நிறுவச் சொல்லியிருக்காங்க. அது உள்ளுக்குள்ள ஹைப்பர்-வியை வச்சுத்தான் ஓடுது. வாரம் ரெண்டுல விர்ச்சுவல்பாக்ஸ். முதல்ல வந்ததைக் கழட்டச் சொல்லணும்னு யாருக்கும் தோணலை. ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. நான் அந்தப் பழமொழியையெல்லாம் நம்பறதில்லை. ஆனா இந்த ஆமை விஷயத்துல அது நூத்துக்கு நூறு சரி :-)

விண்டோஸ் அம்சங்கள் பட்டியல்ல போய் வர்ச்சுவல் மெஷின் பிளாட்பார்ம், ஹைப்பர்-வி ரெண்டையும் எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணதும் ஆமை கிளம்பிடுச்சு. (உங்க பொட்டில அப்பவும் போகலைன்னா 'மெமரி இன்டெக்ரிட்டி' பாதுகாப்பு காரணமா இருக்கலாம். அதை அணைச்சா வேகம் வரும், ஆனா ஒரு பாதுகாப்பு வேலி போகும். தெரிஞ்சு செய்யுங்க.)

ரெண்டாவது, நினைவகம். இதைப் புரிய வைக்க நம்ம ஒண்டுக்குடித்தனத்தை விட நல்ல உதாரணம் இல்லை. வீட்டுக்காரர் விண்டோஸ். 4 ஜிபி வீட்டுல அவர் சும்மா உட்கார்ந்திருக்கவே சுமார் 2 ஜிபி எடுத்துக்கிறார். மிச்சம் ரெண்டு. இதுல குடித்தனக்காரருக்கு 3 ஜிபி எழுதிக் கொடுத்திருக்கா. ஏன்? இணையத்துல யாரோ 'வி.எம். மெதுவா ஓடுதா? நினைவகத்தை அதிகப்படுத்துங்கள்'னு எழுதியிருந்தாங்களாம். சக பதிவர்களே, அது நீங்களோ நானோதான்.

ரெண்டும் மூணும் அஞ்சு. வீடு நாலு. மிச்சம் ஒண்ணு எங்க போகும்? ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும். அந்த டிஸ்க் நிமிஷத்துக்கு 5400 சுத்து. ஒரு சுத்துக்கு 11 மில்லி செகண்ட். தேடற இடம் முள்ளுக்கு அடியில வர சராசரியா அரைச் சுத்து காத்திருக்கணும், முள் நகர இன்னும் பத்து மில்லி செகண்ட். மொத்தத்துல செகண்டுக்கு அறுபது எழுபது இடத்துக்கு மேல அதால எட்ட முடியாது. நினைவகத்துல 100 நானோ செகண்ட்ல கிடைக்கிற ஒண்ணு டிஸ்க்குலேர்ந்து வர 15 மில்லி செகண்ட். ஒன்றரை லட்சம் மடங்கு! வீட்டுக்காரர், குடித்தனக்காரர் ரெண்டு பேரும் ஒரே குழாயடியில குடத்தோட நின்னு முடியைப் பிடிச்சு சண்டை போட்டா வீடு எப்படி விளங்கும்? இந்த சண்டையை வெளியில இருந்து பார்த்துட்டு 'பிராசஸர் பத்தலை'ன்னு சொல்றோம். பிராசஸர் பாவம், கையைக் கட்டிட்டு தண்ணிக்குக் காத்துக்கிட்டு நிக்குது.

மூணாவது, கோர். ரெண்டு கோர் பொட்டில வி.எம்.முக்கும் ரெண்டு கோர். கேட்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா வி.எம்.மோட ஒரு கோர் ஒரு பூட்டைப் பிடிச்சிருக்கும்போது ஹோஸ்ட் அதை நிறுத்தி வச்சுட்டு வேற வேலைக்குப் போயிடலாம். அப்ப இன்னொரு கோர் பூட்டு எப்ப திறக்கும்னு சும்மா சுத்திக்கிட்டே நேரத்தைத் தின்னும். சின்ன பொட்டில ஒரு கோர் கொடுத்தா பல நேரம் ரெண்டைவிட சுருசுருப்பா ஓடும். விர்ச்சுவல்பாக்ஸே அந்த ஸ்லைடர்ல பச்சை, சிவப்புன்னு கோடு போட்டு எச்சரிக்குது. நாமதான் சிவப்புல நிறுத்திட்டு 'ஃபுல் பவர்'னு ஸ்க்ரீன்ஷாட் போடறோம்.

நாலாவதுதான் என்னை நிஜமா கொதிக்க வச்சது. வகுப்புல எல்லாருக்கும் பென்டிரைவ்ல கொடுத்த வி.எம். கோப்பு, அலங்காரமெல்லாம் பண்ணின முழு டெஸ்க்டாப் லினக்ஸ். 3டி முடுக்கம் இல்லாத வி.எம்.முக்குள்ள அந்த ஜன்னல், நிழல், சறுக்கல் எல்லாத்தையும் பிராசஸர்தான் ஒவ்வொரு புள்ளியா வரையணும். சரி, பாடத்திட்டத்துல என்ன இருக்கு? பயனர் கணக்கு, அனுமதிகள், வெப் சர்வர், தரவுத்தளம், ஃபயர்வால், ஒரு மெஷின்லேர்ந்து இன்னொண்ணுக்கு எஸ்.எஸ்.எச். ஆறு மாசப் பாடத்துல டெஸ்க்டாப் தேவைப்படற இடம் ஒண்ணுகூட இல்லை! எல்லாமே கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. இட்லி வேக வைக்கக் கல்யாண அண்டாவைத் தூக்கிட்டு வரச் சொல்லிட்டு, 'உன் அடுப்பு சின்னதும்மா'ன்னு பொண்ணைத் திட்டினா எப்படி?

அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் ஒரு பைசா செலவில்லை. ஆமை அவுட். டெஸ்க்டாப் இல்லாத டெபியன். 512 எம்பி நினைவகம், ஒரு கோர். சேர்த்து வச்சிருந்த ஏழெட்டு ஸ்னாப்ஷாட்டைக் கழிச்சு ஒண்ணாக்கினேன் (சங்கிலி நீள நீள ஒவ்வொரு வாசிப்பும் பல கோப்புல தேடும்). வி.எம். கோப்பு இருக்கிற ஃபோல்டரை வைரஸ் எதிர்ப்பியோட சோதனைலேர்ந்து விலக்கினேன். ஏழு நிமிஷம் ஒரு நிமிஷம் சொச்சமாச்சு, அதே டிஸ்க்குல.

அடுத்த வாரம் சுமார் ரெண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு எஸ்எஸ்டி. செகண்டுக்கு அறுபது எட்டின இடத்துல ஆயிரக்கணக்குல எட்டும். குழாயடி சண்டை அத்தோட முடிஞ்சுது. சின்ன பொட்டிக்குக் காசு போடணும்னா முதல் காசு இங்கதான் போகணும், ரெண்டாவது காசு நினைவகத்துக்கு. பிராசஸர் கடைசி.

பொண்ணு சம்மதத்தோட ஹோஸ்டையும் மாத்தினோம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11 இந்த செலரானைப் பட்டியல்ல சேர்க்கலை. அதனால ஹோஸ்டும் எளிமையான டெஸ்க்டாப்போட டெபியன். வி.எம்.முக்கு கேவிஎம் (2007-லேர்ந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே இருக்கு), ஓட்ட விர்ட்-மேனேஜர். டிஸ்க்குக்கும் நெட்வொர்க்குக்கும் விர்ட்ஐஓ. இது முக்கியம். சாதாரணமா வி.எம். ஒரு நிஜ நெட்வொர்க் கார்டு மாதிரி நடிக்கும். அந்த நடிப்புக்காக அடிக்கடி உள்ள வெளிய போய் வரணும், ஒவ்வொரு போக்குவரத்துக்கும் பிராசஸர் கூலி கொடுக்கணும். விர்ட்ஐஓல நடிப்பு கிடையாது. 'நான் வி.எம்.தான், மூட்டையா கொடு'ன்னு மொத்தமா வாங்கிக்கும்.

கூடவே இசட்ரேம். நினைவகம் நிறைஞ்சா டிஸ்க்குக்கு ஓடாம அங்கேயே அமுக்கி வச்சுக்கும். அப்புறம் கேஎஸ்எம். மூணு வி.எம்.லயும் ஒரே மாதிரி இருக்கிற பக்கங்களை ஒரே பிரதியா வச்சுக்கும். இது சும்மா வராது, தேடறதுக்கு பிராசஸர் நேரம் எடுக்கும். அதனால மெதுவாத் தேடற மாதிரி விட்டிருக்கேன்.

இப்ப அந்த 'ஓடாத' பொட்டில மூணு வி.எம். ஒரே நேரத்துல ஓடுது. ஒண்ணு வெப் சர்வர், ஒண்ணு தரவுத்தளம், ஒண்ணு ஃபயர்வால். மூணுக்கும் சேர்த்து ஒன்றரை ஜிபி. ஒவ்வொண்ணும் பூட் ஆக அரை நிமிஷம்கூட ஆகறதில்லை. 1967-ஓட பதினாலு இன்னும் வரலை, முயற்சி பண்ணிக்கிட்டிருக்கோம் ;-)

சரி, 'எல்லாம் ஓடும்'னு கதை விடறியான்னு பின்னூட்டத்துல வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். எல்லாம் ஓடாது. பழைய நெட்புக்ல வந்த ஆட்டம் என்270 மாதிரி சில்லுல அந்த வசதியே கிடையாது. விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 பதிப்புலேர்ந்து வன்பொருள் வசதி இல்லாம ஓடவும் ஓடாது. 4 ஜிபி பொட்டிக்குள்ள விண்டோஸ் 11 விருந்தாளியைக் கூப்பிட்டா வீடு இடியும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் எமுலேட்டரும் சேர்ந்து வேணும்னா புதுசு வாங்கத்தான் வேணும். அதை நான் மறுக்கலை. வாங்கறதுக்கு முன்னாடி 'எதுக்கு'ன்னு ஒரு கேள்வி கேளுங்கன்னுதான் சொல்றேன்.

"முப்பது பசங்க, முப்பது விதமான பொட்டி, ஒவ்வொண்ணா நோண்டிக்கிட்டு இருக்க முடியுமா?" இது சொல்லித் தர்றவர் தரப்பு நியாயம். இருக்கட்டும். முப்பதையும் நோண்ட வேண்டாம். மேல சொன்னதை ஒரு பக்கத்துல அச்சடிச்சு முதல் நாள் கையில கொடுக்கலாமே? பயாஸ்ல வசதி திறந்திருக்கா, ஆமை இருக்கா, ஹோஸ்டுக்குப் பாதி விட்டியா, ஒரு கோர் போதுமா, டெஸ்க்டாப் தேவையா. அஞ்சு கேள்வி. முப்பது குடும்பத்துல ஒரு குடும்பத்தோட அறுபதாயிரம் மிஞ்சினாலும் அந்தக் காகிதத்துக்கு அது தகும்.

இன்னொரு வாதமும் உண்டு. "வேலைக்குப் போனா பெரிய சர்வர்தானே, இப்பவே பெருசுல பழகட்டும்." இது தலைகீழ். வேலைக்குப் போனா வாடகை மெஷின். அமேசான்ல டி3.நானோ அப்படிங்கிற அளவுக்கு நினைவகம் அரை ஜிபி. அங்க ஒவ்வொரு ஜிபிக்கும் மாசா மாசம் பில். 2018-ல் அதே அமேசான் ஃபயர்கிராக்கர்னு ஒண்ணை வெளியிட்டாங்க. ஒரு குட்டி வி.எம்.முக்கு மேற்செலவு 5 எம்பிக்கும் கீழ, 125 மில்லி செகண்ட்ல கிளம்பிடும். உலகத்துலயே அதிக சர்வர் வச்சிருக்கிறவங்கள்ல ஒருத்தர் எம்பி எம்பியா கணக்குப் பார்க்கிறாங்க. தையல் கடை அக்கா மட்டும் தாராளமா 16 ஜிபி வாங்கணுமா? பத்தாக்குறையில ஓட்டத் தெரியறதுதான்யா இந்தத் தொழிலே!

இன்னொண்ணும் இருக்கு. 2022-ல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்குப்பை போட்டதா ஐ.நா. அமைப்புகளோட கணக்கு சொல்லுது. அதுல முறையா சேகரிச்சு மறுசுழற்சி ஆனது 22.3 சதவீதம். நாம 'டப்பா'ன்னு சொல்லி ஒதுக்கற ஒவ்வொரு பொட்டியும் அந்த மூட்டையில ஒரு கைப்பிடி.

அதனால சக பதிவர்களே, ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'வி.எம். வேகம் கூட்ட பத்து வழி' எழுதும்போது முதல் வழியா 'நினைவகத்தை அதிகப்படுத்துங்கள்'னு எழுதாதீங்க. 'உங்ககிட்ட எவ்வளவு இருக்கு, எதுக்கு வேணும்'னு எழுதுங்க. நம்ம பதிவைப் படிக்கிறவங்க எல்லாரும் நம்ம பொட்டியை வச்சிருக்கிறதில்லை. என் பழைய பதிவு ஒண்ணுலயும் இதே தப்பு இருக்கு. அதை அழிக்காம, மேல ஒரு வரி திருத்தம் போட்டிருக்கேன். போய்ப் பார்த்துட்டுத் திட்டிக்கலாம்.

அக்காகிட்ட பொட்டியைத் திருப்பிக் கொடுத்தப்ப நம்பவே இல்லை. "இதேதானா தம்பி?"ன்னு மூடியைத் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தாங்க. அப்புறம் எஸ்எஸ்டி காசை எண்ணிக் கொடுத்துட்டு, "சட்டை தைக்கணும்னா துணி எடுத்துட்டு வாங்க, கூலி கிடையாது"ன்னாங்க. சங்கிலி கழுத்துலயே இருந்தது.

வகுப்புல அந்தப் பொண்ணு மூணு வி.எம். ஓட்டறதைப் பார்த்து சார் என்ன சொன்னாராம் தெரியுமா? "பரவாயில்லையே, புதுசு வாங்கிட்டியா?"

என்னத்த சொல்ல...

பி.கு.: உங்க வீட்டு மூலையில 'ஓடாது'ன்னு தூக்கிப் போட்ட பொட்டி இருந்தா அதோட சில்லு, நினைவகம், டிஸ்க் என்னன்னு பின்னூட்டத்துல போடுங்க. என்ன ஓட்டலாம்னு சேர்ந்து பார்ப்போம். கும்மியடிக்க வர்றவங்களும் வரலாம், ஆனா கையோட ஒரு பழைய பொட்டி எடுத்துட்டு வரணும் :-)